பாதைக்கு யார் பொறுப்பு?



இந்த மலையேற்றக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் சிகரங்களைப் பற்றிப் பேசினார்கள். மேகம் காலுக்குக் கீழே மிதந்ததைச் சொன்னார்கள். சூரிய உதயத்தைப் படம் போட்டுக் காட்டினார்கள். கேட்கவும் பார்க்கவும் இனிமையாக இருந்தது. நான் உங்களை அவ்வளவு உயரத்துக்கு அழைத்துப்போகப் போவதில்லை. சிகரத்துக்குப் போகும் வழியில் உங்கள் ஷூவுக்கு அடியில் கிடக்கிறதே, இரண்டடி அகலத்தில் ஒரு மண் தடம், அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அந்த மண்ணை வெட்டியது யார்? அந்தப் படிக்கல்லை நட்டது யார்? போன மழையில் அது அடித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டது யார்? முதல் இரண்டு கேள்விகளுக்கு எப்படியாவது பதில் கிடைத்துவிடும். திறப்பு விழாக் கல்வெட்டில் ஏதாவது ஒரு பெயர் இருக்கும். மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் சொல்ல ஆள் இருக்காது. இன்றைக்கு என் பேச்சு அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது.

நாலு பேர் நடந்தால் பாதை தானாக உண்டாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். வயல்காட்டில், பொட்டலில், அது உண்மைதான். மலைச் சரிவில் அது உண்மை இல்லை. சரிவில் நாலு பேர் நடந்தால் புல் சாகும். நாற்பது பேர் நடந்தால் மண் இறுகி, நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைத் தேடி மழைத்தண்ணீர் வரும். அடுத்த வருஷம் அது பாதையாக இருக்காது, ஓடையாக இருக்கும். அதற்குள் கால் வைக்க முடியாமல் ஜனங்கள் பக்கத்தில் நடப்பார்கள். பக்கத்தில் இன்னொரு பள்ளம் விழும். இரண்டடிப் பாதை இருபதடிக் காயமாகிவிடும். வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ ஏறியவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். சரி, பாதி அரங்கம். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எனக்கு இது புரிந்தது வேறு ஊரில். வேலை நிமித்தமாக அமெரிக்காவின் வடகிழக்கில் குடியிருந்த காலத்தில், வார விடுமுறைகளில் ஒரு பாதைப் பணிக்குழுவில் தொண்டராகச் சேர்ந்தேன். டிரெயில் க்ரூ என்பார்கள். அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடும்பாதையின் ஒரு துண்டை வெட்டி, திருத்தி, காத்து வரும் குழு. அந்தப் பாதையின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலை. வடக்கே மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலை. இரண்டையும் சேர்க்கும் காட்டுப்பாதை, 3,500 கிலோமீட்டருக்கு மேல், 14 மாநிலங்கள் வழியாகப் போகிறது. இப்படி ஒரு பாதை வேண்டும் என்று 1921-ல் எழுதியவர் பென்டன் மெக்கை. வனவியல் படித்தவர், கனவு காண்பவர். மனைவி இறந்துபோன அதே ஆண்டில், துக்கத்தின் நடுவே அந்தக் கட்டுரையை எழுதினார். கட்டடக் கலைஞர்களின் இதழ் ஒன்றில் அது வந்தது. தொழிற்சாலையில் கசங்கிப்போன மனிதர்கள் மலைமுகட்டில் வந்து மூச்சுவிட வேண்டும் என்பது அவருடைய கனவு. நல்ல கனவு. ஆனால் கனவுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது அல்லவா?

மண்வெட்டி பிடிக்க வேறொருவர் வந்தார். பெயர் மைரன் ஏவரி. மெய்ன் மாநிலத்துக்காரர், தொழிலால் வக்கீல், சுபாவத்தால் முரடர். சைக்கிள் சக்கரத்தில் கைப்பிடி வைத்தது போன்ற ஓர் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே மலை மலையாக நடந்தார். எங்கே பாதை இருக்கிறது, எங்கே இல்லை, எந்தச் சங்கம் எந்தத் துண்டைப் பார்த்துக்கொள்ளும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். முழுப் பாதையையும் பகுதி பகுதியாக நடந்து முடித்த முதல் மனிதர் அவர்தான். அவருக்கும் மெக்கைக்கும் ஒத்துப்போகவில்லை. ஷெனண்டோவா மலைமுகட்டில் அரசாங்கம் கார் சாலை போட்டபோது, பாதை கெட்டுவிட்டது என்றார் மெக்கை. பாதையை ஒதுக்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம் என்றார் ஏவரி. 1930-களின் நடுவில் இருவரும் முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். மெக்கைக்குப் புகழ் வந்தது; 96 வயது வரை வாழ்ந்தார். ஏவரி 52 வயதில் போய்ச் சேர்ந்தார். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், சாலை விஷயத்தில் மெக்கை பக்கம். ஆனால் யாரோடு சேர்ந்து வேலை செய்வாய் என்று கேட்டால், தயங்காமல் ஏவரியோடு!

இன்னொரு படையும் வந்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத இளைஞர்கள் லட்சக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அவர்களைக் காட்டுக்கு அனுப்பினார். மரம் நட, தீயணைக்க, பாதை வெட்ட. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942-ல் கலைக்கப்படும் வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் அந்தப் படையில் உழைத்தார்கள். கறுப்பின இளைஞர்களைத் தனி முகாமில் ஒதுக்கி வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். இன்றைக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நீங்கள் ரசித்துப் படம் எடுக்கும் கல்படிகள், கைப்பிடிச் சுவர்கள் பல அந்தப் பையன்கள் கட்டியவை.

1937 ஆகஸ்ட் 14. மெய்ன் மாநிலத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே கடைசி இரண்டு மைலை அந்தப் படையின் ஒரு குழு வெட்டி முடித்தது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை பாதை ஒன்றாகிவிட்டது. 16 ஆண்டு உழைப்பு. முடிந்தது என்று கை கழுவினார்களா? கழுவியிருக்கலாம். 1938 செப்டம்பரில் நியூ இங்கிலாந்தில் ஒரு பெரும் புயல் அடித்தது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு மரங்கள் பாதையின் குறுக்கே சாய்ந்தன. முழுப் பாதை முழுதாக இருந்தது ஒரு வருஷமும் சில வாரங்களும்தான்! அதற்குள் உலகப்போர் வந்துவிட்டது. ரம்பம் பிடிக்க வேண்டிய கைகள் துப்பாக்கி பிடிக்கப் போய்விட்டன. அறுந்த பாதை மறுபடி ஒன்றானது 1951-ல்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தப் பாதை எந்த ஆண்டு முடிந்தது? 1937-லா, 1951-லா? 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்து வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா பக்கம் மறுபடி நூற்றுக்கணக்கான மைல்களை நாசமாக்கிவிட்டுப் போனதே, அதற்குப் பிறகு எந்த ஆண்டைச் சொல்வது? என்னைக் கேட்டால் அது இன்னும் முடியவில்லை, முடியவும் முடியாது. எங்கள் குழுவில் யாரும் முடிந்தது என்று சொல்லமாட்டார்கள். இந்த வருஷத்துக்குப் போதும் என்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வேலை என்றால் என்ன வேலை?

பாதைக்கு எதிரி யார்? யானையா? கரடியா? நடப்பவரின் காலா? கால் ஓரளவுக்குத்தான். உண்மையான எதிரி தண்ணீர். எங்கள் வேலையில் முக்கால்வாசி தண்ணீரோடு மல்லுக்கட்டுவது. மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனார் மழைத்தண்ணீர் தேங்காமல் ஓடும்படி வாட்டம் விடுவாரே, அதே வாட்டத்தை மலைப்பாதைக்கும் விடவேண்டும். பாதையின் மலைப்பக்க ஓரம் கொஞ்சம் உயரமாகவும், பள்ளத்தாக்குப் பக்க ஓரம் கொஞ்சம் தாழ்வாகவும் இருக்கவேண்டும். நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கு. நடக்கிறவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மேலிருந்து வரும் தண்ணீர் பாதையில் நிற்காமல் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும். பாதையோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தால்தான் ஆபத்து. ஓட ஓட வேகம் கூடும். வேகம் கூடினால் மண்ணைத் தூக்கும். அப்புறம் கல்லையே உருட்டும்.

இரண்டாவது கணக்கு, ஏற்றத்தைப் பற்றியது. மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ, அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக்கூடாது. சராசரியில் நூறடிக்குப் பத்தடிக்கு மேல் ஏறாமல் இருந்தால் மண் நிற்கும். ஆகவே நல்ல பாதை மலையை நேராக ஏறாது. இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். அவ்வப்போது பாதையை வேண்டுமென்றே ஒரு சிறு இறக்கம் இறக்கி மறுபடி ஏற்றுவார்கள். ‘எதற்கு வீணாக இறங்கி ஏற வைக்கிறான்?’ என்று நடக்கிறவர் திட்டுவார். அந்தப் பள்ளத்தில்தான் தண்ணீர் பாதையை விட்டு வெளியே போகிறது.

நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைகளில் பழைய பாதைகள் இந்தக் கணக்கெல்லாம் தெரியாத காலத்தில் போட்டவை. பல பாதைகள் நேரே மேலே போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்களுக்கு அவசரம் போலிருக்கிறது! அங்கே கிராஃபோர்டு பாதை என்று ஒன்று, 1819-ல் அப்பனும் மகனுமாக வெட்டியது. அமெரிக்காவில் இடைவிடாமல் பராமரிக்கப்பட்டு வரும் மலைப்பாதைகளில் அதுதான் மூத்தது. அந்த மலைகளில் 1919 முதல் சம்பளத்துக்கு ஒரு பாதைக்குழு வேலை செய்துவருகிறது. வசந்தத்தில் பனி உருகியதும் முதலில் கோடாலியோடு போய், குளிர்காலத்தில் விழுந்த மரங்களை வெட்டி வழி விடுவார்கள். கோடை முழுக்கக் கல் வேலை.

எங்கள் குழுத்தலைவி எழுபதை நெருங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல் நாள் என்னிடம் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. ஒரு பள்ளத்தருகே கூட்டிப்போய், தன்னுடைய குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதையின் மேல் கொஞ்சம் ஊற்றினார். இருவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் தயங்கி நின்றது. பிறகு வெளியே போகாமல் பாதை வழியாகவே கீழே ஓடியது. காரணம் கீழ் ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு மண் திட்டு. நடப்பவர் காலில் ஒதுங்கிய மண்ணும் இலைச்சருகும் சேர்ந்து வரப்பு மாதிரி இறுகியிருந்தது. அந்த வரப்புதான் தண்ணீரைப் பாதையிலேயே சிறைவைக்கிறது. அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை அந்த வரப்பை வெட்டி எடுப்பது. காலை முழுக்க அதே வேலை. மதியம் திரும்பிப் பார்த்தால், அங்கே எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. அவருக்கு அதில்தான் மகிழ்ச்சி.

பாதையின் குறுக்கே சாய்வாக ஒரு மரக்கட்டையோ கல்வரிசையோ பதித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பலரும் அதைப் படி என்று நினைத்துத் தாண்டுவார்கள். அது தண்ணீரைத் திருப்பிவிடும் தடுப்பு. ஒவ்வொரு மழையிலும் அதன் வாயில் வண்டலும் இலையும் வந்து அடைக்கும். அடைத்த தடுப்பு இருப்பதும் இல்லாததும் ஒன்று. தண்ணீர் அதன் தலைக்கு மேல் ஏறிப் போய்விடும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு முறையாவது தூர்வார வேண்டும். அதற்கென்றே ஒரு கருவி உண்டு, மெக்லாய்டு என்று பெயர். ஒரு பக்கம் அகல மண்வெட்டி, மறுபக்கம் இரும்புப் பல் வைத்த வாரி. வாரிய வண்டலை எங்கே கொட்டுவது? புது ஆள் வெளிவாயிலிலேயே கொட்டுவான். அடுத்த மழையில் அதுவே அணையாகிவிடும். தடுப்புக்குக் கீழ்ப்பக்கம் கொட்டி மிதித்து இறுக்கவேண்டும். வாய்க்காலை நீளமாக இழுத்து, தண்ணீர் திரும்பிப் பாதைக்கு வராத தூரத்தில் விடவேண்டும். இதில் வீரம் இல்லை, படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் மடை பார்க்கிறவருக்கு இதைச் சொன்னால், இதற்கா அமெரிக்கா போனாய் என்று கேட்பார்.

இன்னொரு கருவி புலாஸ்கி. ஒரே காம்பில் ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் கொத்து. வேர் குறுக்கிட்டால் இப்படித் திருப்பு, மண் வந்தால் அப்படித் திருப்பு. எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் பெயரால் வந்தது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ காடுகள் பற்றி எரிந்தபோது, நெருப்பு சுற்றி வளைத்துக்கொண்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் தள்ளி, வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்து, பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியவர் அவர். கண்ணும் நுரையீரலும் கெட்டன. அதன் பிறகுதான் வீட்டு உலைப்பட்டறையில் அடித்து அடித்து அந்தக் கருவியைச் செம்மைப்படுத்தினார். இன்றைக்குத் தீயணைப்புக் குழுவும் பாதைக் குழுவும் அது இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை.

இனி கல். நண்பர்களே, கல்லைப் பற்றித்தான் நான் ஆசையாகப் பேசுவேன், நேரமானால் அவைத் தலைவர் அவர்கள் மணி அடிக்கலாம். ஒரு கன அடிக் கருங்கல் 75 கிலோ. ஒரு நல்ல படிக்கல் 200 கிலோவைத் தாண்டும். காட்டுக்குள் கிரேன் வராது. கடப்பாரைதான் வரும். நாலு பேர் நாலு கடப்பாரை. நெம்புவது கையால் அல்ல, உடம்பின் எடையால். ஒருவர் தூக்க, ஒருவர் அண்டைக்கல் கொடுக்க, ஒருவர் தள்ள, அங்குலம் அங்குலமாக அந்தக் கல் நகரும். தூரம் அதிகம் என்றால் மரத்துக்கு மரம் கம்பிவடம் கட்டி, கையால் இயக்கும் இழுவைப்பொறியால் கல்லை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கொண்டுவருவோம்.

கல் வேலையில் சட்டங்கள் உண்டு. நகரும் கல்லுக்குக் கீழ்ச்சரிவில் யாரும் நிற்கக்கூடாது. தூக்கிய கல்லுக்கு அடியில் விரலை விடக்கூடாது. சின்னக் கல்லை உள்ளே தள்ளவேண்டுமென்றால் இன்னொரு கல்லாலோ குச்சியாலோ தள்ளு. கருவியைத் தோளில் சாய்த்து நடக்கக்கூடாது. பள்ளத்துப்பக்கக் கையில் பிடித்துக்கொள், வழுக்கினால் தூக்கி எறி. ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் வீச்சு எட்டாத தூரம் வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு காலையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வேலை தொடங்கும். இருபது வருஷம் அனுபவம் உள்ளவரும் நின்று கேட்பார்.

குழியை வெட்டிக் கல்லை இறக்கியாயிற்று. உட்கார்ந்துவிட்டதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழுவிலேயே கனமான ஆள் அதன் ஒரு மூலையில் ஏறிக் குதிப்பார். பிறகு அடுத்த மூலை. மயிரிழை ஆடினாலும் கல் வெளியே வரும். மறுபடி நெம்பு, மறுபடி குழியைத் திருத்து, மறுபடி இறக்கு. சாந்து கிடையாது, சிமென்ட் கிடையாது. கல்லுக்குக் கல்தான் பிடி. பின்னால் ஜல்லியைப் போட்டு இடித்து இறுக்கி, அடுத்த படிக்கல்லின் பாரம் இதன் பின்விளிம்பில் ஏறும்படி வைக்கவேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை செய்து இரண்டு படி நின்றால் அது நல்ல நாள். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. சொல்லப்போனால், அவசரத்தில் வைத்த கல் இரண்டு குளிர்காலம் தாங்காது. உறைபனி மண்ணைத் தூக்கி இறக்கும்போது முதலில் பல்லிளிப்பது அதுதான்.

மரம் அறுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1964-ல் அமெரிக்காவில் வந்த வனாந்தரச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பெருங்காடுகளுக்குள் மோட்டார் கருவிகளைத் தடை செய்தது. அங்கே சாய்ந்த மரத்தை அறுக்க மோட்டார் ரம்பம் இல்லை. இரண்டு பேர் இழுக்கும் பெரிய வாள்தான். அந்த வாளுக்கு ஒரே விதி: இழு, தள்ளாதே. தள்ளினால் தகடு வளைந்து மாட்டிக்கொள்ளும். நான் இழுக்கும்போது எதிரே இருப்பவர் கையைத் தளர்த்தவேண்டும்; அவர் இழுக்கும்போது நான். கூரான வாளிலிருந்து தூள் கொட்டாது, நீள நீளமாக இடியாப்பம் போல் சீவல் சுருண்டு வரும். பழைய காலத்து எஃகில் செய்த வாள்களுக்கு இன்றைக்கும் கிராக்கி. பாட்டன் பரணில் போட்டு வைத்ததைத் தேடிப்பிடித்து வாங்கி, பல் தீட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் வாளை வைப்பதற்கு முன்னால் மரத்தைப் படிக்கவேண்டும். இரண்டு முனையும் தரையில் ஊன்றி நடு அந்தரத்தில் நின்றால், மேல்பக்கம் நெருக்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். மேலிருந்து அறுத்தால் பாதியில் வாளைக் கவ்விக்கொள்ளும். ஆப்பு அடித்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அறுக்கவேண்டும். ஒரு முனை தொங்கினால் கணக்கு தலைகீழ். வளைந்து அமுங்கிக் கிடக்கும் இளமரம் எல்லாவற்றிலும் மோசம். தொட்ட மாத்திரத்தில் முகத்தில் அடிக்கும். அறுக்கும் நேரத்தைவிட, மரத்தைச் சுற்றி வந்து பேசிக்கொள்ளும் நேரம் அதிகம். ஹெலீன் புயலுக்குப் பிறகு அங்கே போனவர்களுக்கு ஒரு மரமா இரண்டு மரமா? ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடந்த மரக்குவியல்கள்.

இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? சம்பளக்காரர்களும் உண்டு, தொண்டர்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1976-ல் இளைஞர்களுக்கென்று ஒரு பாதுகாப்புப் படை தொடங்கினார்கள். ஆள் சேர்க்க அவர்கள் வைத்திருக்கும் வாசகம் என்ன தெரியுமா? கடுமையான வேலை, குறைந்த சம்பளம், படுமோசமான சூழ்நிலை, இன்னும் எவ்வளவோ! இப்படி விளம்பரம் செய்தும் ஆள் வந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். எலிசபெத் புட்னம் என்ற மாணவி, தேசியப் பூங்காக்களைப் பராமரிக்க மாணவர்களைத் திரட்டலாம் என்று 1955-ல் தன் கல்லூரி ஆய்வேட்டில் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, 1957-ல் முதல் மாணவர் குழு இரண்டு பூங்காக்களில் வேலைக்கு இறங்கியது. அப்பலாச்சியன் பாதையையோ சுமார் 30 சங்கங்கள் பங்கு போட்டுக்கொண்டு காக்கின்றன. சங்கத்துக்குள் ஒவ்வொருவருக்கும் சில மைல் ஒதுக்கியிருப்பார்கள். அந்தச் சில மைலுக்கு அவர் பெயர் எழுதிய பலகை கிடையாது. ஆனால் மழை பெய்தால் அவருக்குத் தூக்கம் வராது.

இதில் வெள்ளைக்காரர்களின் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போனால் நான் பாதிக் கதை சொன்னவன் ஆவேன். நார்வே நாட்டில் மலைப்பாதைகள் கூட்டத்தால் தேய்ந்துபோனபோது, கல்படி போட அவர்கள் ஆள் கூப்பிட்டது எங்கிருந்து? நேபாளத்திலிருந்து. ஷெர்பாக்கள் கோடைதோறும் போய், தங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் போட்ட அதே கல்வேலையை நார்வே மலைகளில் போட்டார்கள். டிராம்சோ நகரில் சுமார் 1,200 படிகள் கொண்ட படிக்கட்டை ஷெர்பா படி என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் நின்றது. அந்த மட்டில் அவர்களுக்கு அதிர்ஷ்டம்.

நம் மக்களுக்கு அது வாய்க்கவில்லை. இலங்கை மலையகத்தில் இப்போது பீக்கோ டிரெயில் என்று 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாக ஒரு நெடும்பாதை திறந்திருக்கிறார்கள். உலகம் முழுதிலிருந்தும் நடக்க வருகிறார்கள். அதில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல; பழைய தேயிலைத் தோட்டத்துப் பாதைகள். அந்தப் பாதைகளை வெட்டியது யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே போய், வழியில் பலர் நோயில் விழ, மிச்சப்பேர் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையைத் திருத்தினார்களே, அவர்களும் அவர்கள் பிள்ளைகளும். சரிவில் வடிகான் வெட்டுவதில் அவர்களுக்குத் தெரியாத நுட்பம் எதையும் நான் அமெரிக்காவில் கற்றுக்கொள்ளவில்லை. வடிகான் சரியில்லாவிட்டால் மேல்மண் போகும், மண் போனால் கொழுந்து போகும், கொழுந்து போனால் கங்காணியிடம் ஏச்சு. 1948-ல் அவர்களின் குடியுரிமையே பறிபோனது. பாதைக்குப் பெயரா வைப்பார்கள்?

இனி நம் ஊருக்கு வருகிறேன், முடிக்கும் நேரம் வந்துவிட்டது. 2018-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றத் தடங்களை முறைப்படுத்தித் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தடம் திறந்தால் கால் வரும். கால் வந்தால் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் வடகிழக்குப் பருவமழை சும்மா விடுமா? இந்த 40 தடங்களுக்கும் ஆளுக்கு ஒரு கடப்பாரை, ஆளுக்கு ஒரு மண்வெட்டி என்று நிரந்தரமான பராமரிப்புக் குழு வேண்டும். வழிகாட்ட வரும் அதே இளைஞர்களுக்கு, சீசன் இல்லாத மாதங்களில் அதைச் சம்பள வேலையாகவே கொடுக்கலாம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கென்று எடுத்து வைக்கலாம். இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள்; தொண்டு என்பது சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்களின் ஏற்பாடு, அதை அமெரிக்காவிலேயே கண்ணால் பார்த்தேன்.

உங்களைப் போன்ற மலையேற்றச் சங்கங்கள் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அனுமதியில்லாமல் காட்டில் ஒரு கூடை மண்ணைக்கூட வெட்டாதீர்கள், அது குற்றம். ஆனால் அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம், ஒரு தடத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கலாம். கொண்டை ஊசி வளைவில் குறுக்கே இறங்கும் நண்பனைத் தடுக்கலாம்; அவன் இறங்கிய கோட்டில்தான் அடுத்த மழை இறங்கும். பாதையில் சேறு இருந்தால் ஓரமாக ஒதுங்காமல் சேற்றிலேயே நடக்கலாம், ஷூ கழுவினால் போய்விடும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, வெயில் நாளை விட்டுவிட்டு, பாதுகாப்பான ஒரு தடத்தில், தூறல் நாளில் வழிகாட்டியோடு ஏறிப்பாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் பாதைக்குள் நுழைகிறது, எந்த இடத்தில் வெளியேறுகிறது, எங்கே வெளியேற முடியாமல் நிற்கிறது என்று பார்த்து, குறிப்பு எழுதி, வனச்சரகரிடம் கொடுங்கள். முதல் மனுவுக்குப் பதில் வராது. இரண்டாவதையும் எழுதுங்கள். மைரன் ஏவரி எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். கடப்பாரை பிடிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடிக்கு வாருங்கள், ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்.